அடுப்பு ஏற்றிய தள்ளுவண்டி கவிழாமல் நிற்பது எப்படி?

சாயங்காலம் 5 மணி தாண்டினால் நம் ஊர்த் தெருமுனைகளில் ஒரு தள்ளுவண்டியாவது வந்து நின்றுவிடும். ஒரு ஓரம் தோசைக்கல், இன்னொரு ஓரம் வாணலி நிறையக் காயும் எண்ணெய், கீழே காஸ் சிலிண்டர், மேலே தகரக் கூரை, அதன் முன்னால் விலைப்பட்டியல் எழுதிய ஃபிளெக்ஸ். நாம் பக்கத்திலேயே நின்று, ஒரு கையில் தட்டும் மறு கையில் குழந்தையுமாகச் சாப்பிடுகிறோம். வீட்டில் என்றால் அடுப்பை அசையாத மேடையில் வைத்த பிறகுதான் எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவோம். இங்கே மேடைக்கே சக்கரம் இருக்கிறது.

என் சித்தப்பா பல வருடம் பஜ்ஜி, போண்டா வண்டி வைத்திருந்தார். ஒரு ஐப்பசி மழை நாளில் வண்டியின் ஒரு சக்கரம் நின்றிருந்த சாக்கடை மூடி உடைந்து, சக்கரம் ஒரு சாண் ஆழத்துக்கு உள்ளே இறங்கிவிட்டது. வாணலி சரிந்து எண்ணெய் அவர் காலில் கொட்டியது. மூன்று மாதம் கடை போட முடியவில்லை. ஆனால் வண்டி முழுதாகக் கவிழவில்லை, சிலிண்டர் உருளவில்லை, எதிரே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் கவிழவில்லை, ஆனால் எண்ணெய் மட்டும் ஏன் கொட்டியது என்ற இரண்டு கேள்விகளும் எனக்கு ரொம்ப நாள் மனதில் இருந்தன. புதிதாக வண்டி போட நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

தூக்குக்குண்டும் கோலமாவும்

கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க வேண்டும் என்றால் என்ன செய்வோம்? காலை அகட்டி வைப்போம், கொஞ்சம் முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்துவோம். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை இது. காலை அகட்டினால் நிற்கும் இடம் அகலமாகிறது, உடம்பைத் தாழ்த்தினால் எடை கீழே வருகிறது. வண்டிக்கும் இதே இரண்டுதான்.

ஒரு பொருளின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதை எடைமையம் என்கிறோம், பாடப் புத்தகத்தில் ஈர்ப்பு மையம் என்று படித்திருப்பீர்கள். உங்கள் வண்டியில் அந்தப் புள்ளியிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். குண்டு நேராகத் தரையை நோக்கித் தொங்கும். இப்போது நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிற நான்கு இடங்களையும் கோலமாவால் கோடு போட்டு இணையுங்கள், ஒரு நீள்சதுரம் கிடைக்கும். தூக்குக்குண்டு அந்தக் கோட்டுக்கு உள்ளே தொங்கும்வரை வண்டி கவிழாது. வெளியே போன அந்த நொடியில் கவிழும், எவ்வளவு கனமான வண்டியாக இருந்தாலும், எவ்வளவு தடிமனான ஆங்கிளில் வெல்டிங் செய்திருந்தாலும் சரி.

"நல்ல கனமான வண்டி, அசையாது" என்று பட்டறையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கனம் உதவும்தான், ஆனால் அந்தக் கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து. மேலே ஏறிய கனம் வண்டிக்கு எதிரி.

ஒரு கணக்கு பார்க்கலாம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 90 செ.மீ. என்று வைப்போம். எடைமையம் சரியாக நடுவில், தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், வண்டி பக்கவாட்டில் 26 டிகிரிக்கு மேல் சாய்ந்தால்தான் குண்டு கோட்டைத் தாண்டும். அவ்வளவு சாய ஒரு பக்கம் சுமார் 40 செ.மீ. தாழ வேண்டும், சாதாரணமாக நடக்காத காரியம். இப்போது அதே வண்டியில் மாவு வாளி, இட்லிக் கொப்பரை, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், அதுவும் மேல்தட்டில் அடுக்குங்கள். கூரை மேலே நாலு பிளாஸ்டிக் ஸ்டூலும் ஏற்றுங்கள். எடைமையம் 20 செ.மீ. ஒரு பக்கமாக நகர்ந்து, 110 செ.மீ. உயரத்துக்கு ஏறியதாக வைத்தால், கவிழ 13 டிகிரி சாய்வே போதும். அதாவது கனம் ஏறிய பக்கம் வெறும் 20 செ.மீ. தாழ்ந்தால் ஆயிற்று. 20 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட ஒரு சாண். உடைந்த சாக்கடை மூடியின் ஆழம்.

சித்தப்பா வண்டி ஏன் கவிழவில்லை என்பது இதில் புரிந்துவிடும். சிலிண்டரும் இரண்டு தண்ணீர் கேனும் கீழ்த்தட்டில், நடுவில் இருந்தன. 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ. அவை குண்டைக் கோட்டுக்குள்ளேயே பிடித்துவைத்தன.

அப்படியானால் எண்ணெய் ஏன் கொட்டியது? ஏனென்றால் எண்ணெய் கொட்ட வண்டி கவிழவே வேண்டியதில்லை. 45 செ.மீ. வாய் அகலமுள்ள வாணலியில், விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வரை எண்ணெய் இருந்தால், 7, 8 டிகிரி சாய்ந்ததுமே வழிய ஆரம்பிக்கும். அதற்கு வண்டியின் ஒரு பக்கம் 12 செ.மீ. தாழ்ந்தால் போதும். இது மெதுவாகச் சாய்ந்தால் நடப்பது. திடீரென்று குலுங்கினால் எண்ணெய் அலையடித்து அதற்கும் முன்பே வெளியே வரும். திரவத்தின் குணமே அப்படி, தாழ்ந்த பக்கம் ஓடும், ஓடியதும் எடையும் அந்தப் பக்கமே போகும், வண்டி இன்னும் தாழும். அதனால் வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வைக்காதீர்கள். "பாதி வைத்தால் போண்டா மூழ்காது" என்றால் வாணலியை மாற்றுங்கள், ஆழமானதாக வாங்குங்கள். அடியில் அதன் வளைவு உட்காரும்படி ஒரு இரும்பு வளையம் வேண்டும், வெறும் பர்னர் கம்பிகள் மேல் வட்ட அடி நிற்காது. அந்த வளையத்தைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்துவிடுங்கள். செலவு ரொம்பக் குறைவு.

சக்கரத்தின் கதை

நம் பழைய தள்ளுவண்டிகளில் பெரிய சைக்கிள் சக்கரம் இருக்கும். இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பளபளவென்று வரும் வண்டிகளில் சின்னச் சின்ன உருளைச் சக்கரம். பார்க்க அழகு, கடைக்குள் தள்ள வசதி, ஆனால் நம் தெருவுக்கு எனக்கு அது பிடிப்பதில்லை. காரணம் சொல்கிறேன். 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு 4 செ.மீ. கல் என்பது சுவர். சக்கரம் அங்கேயே நின்றுவிடும், மேலே இருக்கும் கனமோ வந்த வேகத்தில் முன்னோக்கிப் போகும், வண்டி மூக்குக் குப்புறச் சாயும். 65 செ.மீ. சைக்கிள் சக்கரம் அதே கல்லை லேசாக ஏறி இறங்கிவிடும்.

சின்னச் சக்கரத்தில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. எல்லாப் பக்கமும் சுழல்கிற சக்கரம் தன் காம்புக்கு நேர் கீழே தரையைத் தொடுவதில்லை, கொஞ்சம் தள்ளித் தொடுகிறது. வண்டியை நிறுத்தும்போது நான்கு சக்கரமும் உள்பக்கமாகத் திரும்பி நின்றால், கோலமாவுக் கோடு ஒவ்வொரு பக்கமும் சில செ.மீ. சுருங்கிவிடும். வெளிப்பக்கம் திரும்பி நின்றால் அதே அளவு விரியும். அதனால் நிறுத்திய பிறகு காலால் தட்டியாவது சக்கரங்களை வெளியே பார்க்கத் திருப்பி விட்டுப் பிரேக்கைப் போடுங்கள். அப்புறம் அந்தப் பிரேக்கே சில சக்கரங்களில் உருள்வதை மட்டும்தான் தடுக்கும், சுழல்வதைத் தடுக்காது. வாங்கும்போது பிரேக் போட்டுவிட்டுக் கையால் திருப்பிப் பாருங்கள். திரும்பினால், அது அடுப்பு வண்டிக்கு ஆகாது.

மூன்று சக்கர ட்ரைசைக்கிளில் அடுப்பு வைத்துக் கடை நடத்துபவர்களும் நிறைய. அங்கே கோலமாவுக் கோடு நீள்சதுரம் இல்லை, முக்கோணம். ஒற்றைச் சக்கரம் இருக்கும் பக்கத்தில் கோடு ஒடுங்கிப்போகிறது. கனமான எதையும் அந்தக் கூர்ப்பக்கத்தின் ஓரத்தில் வைக்கக் கூடாது, கல்லும் வாணலியும் இரட்டைச் சக்கரத்துப் பக்கம் இருக்க வேண்டும், நிறுத்திய பிறகு கூர்ப்பக்கத்தில் இரண்டு இரும்புக் கால் இறக்கி முக்கோணத்தை நீள்சதுரமாக்கிவிட வேண்டும்.

இரும்புக் கால் என்றதும் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். சக்கரம் வண்டியை நகர்த்துவதற்கு, நிற்க வைப்பதற்கு இல்லை. கடை போட்டதும் வண்டியின் எடை சக்கரத்திலிருந்து காலுக்கு மாறிவிட வேண்டும். சாலையில் கிரேன் வேலை செய்யும்போது கவனித்திருப்பீர்கள், தூக்க ஆரம்பிக்கும் முன் பக்கவாட்டில் நான்கு கால்களை வெளியே நீட்டித் தரையில் ஊன்றிக்கொள்ளும். அதுவும் பஸ்ஸில் காலை அகட்டி நிற்கிற அதே தந்திரம்தான். நான்கு மூலையிலும் திருகி இறக்கும் ஜாக்கிக் கால் வைத்து, அவை சக்கரத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. வெளியே ஊன்றும்படி செய்தால், மேலே சொன்ன மோசமான வண்டிகூட 13 டிகிரிக்குப் பதில் 20 டிகிரிவரை தாங்கும். காலின் அடியில் உள்ளங்கை அகலத் தகடு இருக்கட்டும், மழையில் ஊறிய மண்ணில் வெறும் குழாய் குத்திக்கொண்டு இறங்கும். மெரினா மாதிரி மணலில் அந்தத் தகடும் போதாது, ஒவ்வொரு காலின் கீழும் ஒரு அடி அகலப் பலகை போட வேண்டும்.

ஜாக்கிக் கால் வைக்க இப்போதைக்குக் காசில்லை என்றால் முட்டுக்கட்டை. தேரோட்டத்தில் பார்க்காதவர் யார்? தேர்ச் சக்கரத்தோடு கூடவே கட்டைகளைத் தூக்கிக்கொண்டு சிலர் நடப்பார்கள், நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாகச் சக்கரத்தின் கீழ் கட்டையைக் கொடுப்பார்கள். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம் என்பார்கள். இப்போது அதற்கு ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்ட பிறகும் முட்டுக்கட்டை போடுகிற வேலை நிற்கவில்லை. அந்தக் கட்டையின் வடிவத்தைக் கவனியுங்கள், ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியிருக்கும், சக்கரம் அந்தச் சரிவில் ஏறி அழுத்த அழுத்தக் கட்டை இன்னும் இறுக்கமாகத் தரையைப் பிடிக்கும். நாம் என்ன செய்கிறோம்? வழியில் கிடந்த உருண்டைக் கல் ஒன்றை எடுத்து வைக்கிறோம், அது சக்கரத்தோடு சேர்ந்து உருள்கிறது. அல்லது செங்கல்லைப் படுக்க வைக்கிறோம், பெரிய சக்கரம் அதன் மேல் ஏறிவிடும், இல்லையென்றால் செங்கல் நொறுங்கும். மரப்பட்டறையில் ஒரு வேம்போ கருவேலமோ துண்டு வாங்கி, சக்கரத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்குச் சரிவாக அறுத்து எட்டுக் கட்டை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சரிவான இடம் என்றால் தாழ்வான பக்கத்துக் கட்டையை முதலில் வையுங்கள், வண்டியை மெல்ல அதன் மேல் சாயவிட்டுப் பிறகு மேல்பக்கத்துக் கட்டை. எட்டையும் ஒரு கயிற்றில் கோத்து வண்டியிலேயே தொங்கவிட்டால் தொலையாது.

எங்கே நிறுத்துவது

தார்ச் சாலை தட்டையாகத் தெரியும், ஆனால் இல்லை. மழைத் தண்ணீர் ஓரத்துக்கு ஓட வேண்டும் என்று நடுவில் உயர்த்தி, இரு பக்கமும் சரித்துத்தான் போடுவார்கள். சரிவு நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு இருக்கும். 90 செ.மீ. அகல வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்தினால் ஓரத்துப் பக்கம் 2 செ.மீ. எப்போதும் தாழ்ந்தே இருக்கும். தோசை ஊற்றுபவருக்கு இது தெரியும், மாவு ஒரு பக்கமாகவே ஓடும், எண்ணெய் கல்லின் ஒரு ஓரத்தில் தேங்கும். கல் கோணலாக இருக்கிறது என்று கல்லைப் பழி சொல்லாமல், கொத்தனாரிடம் இருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கி வண்டியின் சட்டத்திலேயே திருகி வையுங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தோ ஜாக்கியைத் திருகியோ மட்டம் பாருங்கள். மட்டமும் ஒரே சீராக வரும், தோசையும் ஒரே சீராக வரும்.

சாக்கடை மூடி மேல் சக்கரம் நிற்கக் கூடாது. எந்த மூடியும் வேண்டாம், புதியதாகத் தெரிந்தாலும் வேண்டாம், உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது மேலே தெரியாது. மூடியை ஒட்டி நிறுத்துவதிலும் ஒரு ஆபத்து உண்டு, அதைக் காஸ் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். தோண்டி மூடிய பள்ளம், குழாய் பதித்த இடம், மழைக்குப் பிறகு மண் கரைந்த ஓரம் இவையும் வேண்டாம். ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, அடுப்பைப் பற்றவைக்கும் முன் வண்டியின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் ஊன்றி உடம்பின் கனத்தைக் கொடுத்து அழுத்துங்கள். எந்த மூலையாவது இறங்கினாலோ, எதிர்மூலை எழும்பினாலோ அங்கே பலகை வேண்டும். நான்கு சக்கர வண்டி மேடுபள்ளத்தில் மூன்று சக்கரத்தில்தான் நிற்கும், நான்காவது சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் சாய்ந்ததும் வண்டி டக்கென்று அந்தப் பக்கம் ஆடுவது இதனால்தான்.

எண்ணெய்ச் சட்டி எந்தப் பக்கம் என்பதும் இடத்தைப் பொறுத்தது. வாகனம் வரும் பக்கம் வேண்டாம், வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் கண்டிப்பாக வேண்டாம். ஒரு குழந்தையின் கண் உயரமும் வண்டியின் மேல்தட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கரண்டிக் காம்பு, சட்டிக் காது எதுவும் வெளியே நீட்டாமல், மேல்தட்டின் ஓரம் முழுக்க நான்கு விரல் உயரத்துக்குத் தகர விளிம்பு இருந்தால் வழிகிற எண்ணெயும் முதலில் அதில் தேங்கும்.

சிலிண்டர்

கடைக்கு நீல நிற 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான், வீட்டுக்குக் கொடுக்கும் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி தவறு. நிறைந்த வணிகச் சிலிண்டர் இரும்போடு சேர்த்து 35 கிலோவுக்கு மேல் வரும். வண்டியில் இதைவிடக் கனமான ஒற்றைப் பொருள் பெரும்பாலும் இருக்காது. அதனால் அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் எடைமையம் இழுக்கப்படும். கீழ்த்தட்டில், இரண்டு அச்சுக்கும் நடுவில், ஒரு இரும்பு வளையத்துக்குள் நிறுத்தி, இடுப்பில் ஒரு சங்கிலி போட்டு மாட்டினால் சிலிண்டரே உங்கள் வண்டிக்கு நங்கூரம். கடை முடியும் நேரத்தில் காஸ் தீர்ந்திருந்தால் அந்த நங்கூரத்தில் 19 கிலோ குறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், காலி வண்டி ஏன் லேசாக ஆடுகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வணிகச் சிலிண்டர் உயரமானது, சில வண்டிகளில் மேல்தட்டுக்கு அடியில் நுழையாது. உடனே நாம் செய்வது இரண்டு. ஒன்று, அதைப் படுக்கவைப்பது. தயவுசெய்து கூடாது. சிலிண்டருக்குள் காஸ் திரவமாகத்தான் இருக்கிறது, அதன் மேல்பகுதியில் சேரும் ஆவிதான் ரெகுலேட்டர் வழியாக அடுப்புக்கு வருகிறது. படுக்கவைத்தால் திரவமே குழாயில் இறங்கும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும், அடுப்பில் தீ ஆள் உயரத்துக்கு எழும்பும். இன்னொன்று, சிலிண்டரை வண்டிக்கு வெளியே தரையில் வைப்பது. அப்படி வைப்பதானால் வண்டி ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது, ஏனென்றால் வண்டி உருளும், சிலிண்டர் உருளாது, நடுவில் இழுபடுவது டியூப். முட்டுக்கட்டை எட்டும் இருந்தால்தான் இதற்குச் சம்மதிப்பேன். பட்டறையில் கீழ்த்தட்டை இன்னும் தாழ்த்திக் கொடுக்கச் சொல்வது இரண்டையும்விட நல்லது.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தாழ்வான இடம் தேடிப் போகும். கீழ்த்தட்டை நான்கு பக்கமும் தகரத்தால் அழகாக மூடிக் கதவு வைத்த வண்டிகளைப் பார்த்தால் எனக்குப் பயம் அதனால்தான். உள்ளே கசிந்தது உள்ளேயே தேங்கும், காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும். கீழ்த்தட்டு வெறும் கம்பி வலையாக இருக்கட்டும், அடியும் திறந்திருக்கட்டும். சாக்கடையை ஒட்டி நிறுத்தாதீர்கள் என்றதும் இதற்காகத்தான், கசிந்த காஸ் மூடியின் இடுக்கு வழியே இறங்கிச் சாக்கடைக்குள் தேங்கிக்கொள்ளும், உங்களுக்கு வாசனைகூட வராது, பத்தடி தள்ளி யாரோ அணைக்காமல் போட்ட பீடித் துண்டு போதும்.

டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிறமே வாங்குங்கள். வீட்டிலேயே 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். தினமும் குலுங்கி, வெயிலும் எண்ணெயும் படுகிற வண்டியில் நான் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டேன். டியூப் இரும்பு ஓரத்தில் உரசும் இடத்தில் ஒரு ரப்பர் துண்டு சுற்றுங்கள், பர்னருக்கு அடியில் அது தொங்கவே கூடாது. சிலிண்டரின் கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும், பி-27 என்றால் 2027 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதை மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். தேதி தாண்டியதை வாங்காதீர்கள். இணைத்ததும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது, மனது பதறுகிறது.

கசிவு என்று தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, பக்கத்தில் எரியும் அடுப்பு, எண்ணெய் விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, சாப்பிடுகிறவர்களை நகரச் சொல்லிவிட்டு 1906க்கு அழைக்கலாம், காஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. தீ என்றால் 101 அல்லது 112.

எண்ணெய் தீப்பிடித்தால்

தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம், ஏன் என்று தெரிந்தால்தான் அந்தப் பதற்றத்தில் கை தானாக வாளிக்குப் போகாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், ஊற்றியதும் அடிக்குப் போகும். அங்கே எண்ணெய் 200 டிகிரிக்கும் மேல் இருக்கிறது, தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. எரிகிற எண்ணெய் முழுவதையும் அது மேலே தூக்கி எறியும். செய்ய வேண்டியது காஸை மூடுவது, வாணலியைவிடப் பெரிய மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி முழுவதும் மூடுவது, அப்படியே விட்டுவிடுவது. ஐந்து நிமிடத்தில் திறந்து பார்த்தால் திரும்பவும் பற்றும். அந்த மூடி கையெட்டும் தூரத்தில் ஒரு கொக்கியில் தொங்க வேண்டும், கீழ்த்தட்டில் பாத்திரங்களுக்கு அடியில் இல்லை.

உடம்பில் எண்ணெய் பட்டுவிட்டால் உடனே குளிர்ந்த, சாதாரணக் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். மாவு, பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம், கால் கொலுசு, மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள், 108க்குச் சொல்லுங்கள். கீழ்த்தட்டில் வைக்கச் சொன்ன தண்ணீர் கேன்களில் ஒன்றை எப்போதும் காலியாகாமல் வைத்திருப்பது இதற்கும்தான். அன்றைக்கு சித்தப்பா காலில் முதலில் யாரோ மைதா மாவைக் கொட்டினார்கள், நல்லெண்ணத்தில்தான். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது அவர் பட்ட வலியை என்னால் மறக்க முடியவில்லை.

தள்ளும்போது

எரிகிற அடுப்போடும் சூடான எண்ணெயோடும் வண்டியை நகர்த்தவே கூடாது. போலீஸ் வந்து நகரச் சொன்னாலும், மழை வந்தாலும், "ஐந்து நிமிடம் சார், எண்ணெய் கொதிக்கிறது" என்று சொல்லுங்கள். காஸை மூடி, எண்ணெயைக் கொக்கி போட்ட மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றிக் கீழே இறக்கிவிட்டு, ரெகுலேட்டரையும் மூடிய பிறகுதான் முட்டுக்கட்டை எடுக்க வேண்டும்.

வேகத்தடையை நேராக ஏறுங்கள், முன்னிரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில். குறுக்காக ஏறினால் ஒரு சக்கரம் மட்டும் எழும்பி வண்டி மூலைவாட்டில் சாயும். இறக்கத்தில் வண்டிக்கு முன்னால் ஒருபோதும் நிற்காதீர்கள், மேட்டுப் பக்கம் நின்று பின்னோக்கி இழுத்தபடி இறக்குங்கள், 200 கிலோ உருள ஆரம்பித்தால் தடுக்க எந்த மனிதனாலும் முடியாது.

காற்றும் காலி வண்டியும்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அம்மிக்கு ஃபிளெக்ஸ் கட்டியதில்லை, நாம் வண்டிக்குக் கட்டுகிறோம். 2 சதுர மீட்டர் ஃபிளெக்ஸ், அதன் நடு தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில், வண்டியின் நீளப்பக்கத்தில் கட்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாமானோடு 200 கிலோ வண்டியைத் தள்ளிவிடச் சுமார் 70 கி.மீ. வேகக் காற்று வேண்டும். கடை முடிந்து சிலிண்டர், தண்ணீர், பாத்திரம் எல்லாம் எடுத்த பிறகு 80 கிலோ நிற்கும் காலி வண்டிக்கு 45 கி.மீ. போதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதனால் "நேற்றும் காற்றுதானே அடித்தது" என்று விட்டுவிட முடியாது. கோடை மழைக்கு முன்னால் வரும் சுழல் காற்றில் இந்த வேகம் சாதாரணம்.

ஆகவே ஃபிளெக்ஸைக் கூரையில் உயர்த்திக் கட்டாமல் வண்டியின் இடுப்புக்குக் கீழே கட்டுங்கள், பெயர் அங்கேயும் தெரியும். பக்கத் தார்ப்பாயைக் காற்று ஏறும்போது சுருட்டிவிடுங்கள், பர்னருக்குக் காற்றுத் தடுப்பு வேண்டுமென்றால் கல்லைச் சுற்றி ஒரு சாண் உயரத் தகரம் போதும். ராத்திரி வண்டியை விட்டுப் போகும்போது ஃபிளெக்ஸையும் குடையையும் கழற்றி, ஸ்டூல்களைக் கூரையிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி, தண்ணீர் கேன் இரண்டையும் நிரப்பியே வைத்து, எட்டுக் கட்டையும் போட்டு, மரத்திலோ சுவரில் அடித்த வளையத்திலோ சங்கிலியால் கட்டுங்கள். மின்கம்பத்தில் மட்டும் கட்ட வேண்டாம், ஈரத்தில் அதில் கரண்ட் கசிந்தால் வண்டி முழுக்க இரும்பு. சிலிண்டரை வண்டியில் விட்டுப் போகாமல், ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, காற்றோட்டமுள்ள பத்திரமான இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.